விட்டுவிட்டு ஓதிய பாடம்

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள், மஃரிபுத் தொழுகை முடித்துக் காரைக்குடியில் நம் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நம் தெருவில் வாழும் ஒரு தாய், பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகனைக் கைப்பிடியாய் அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஹஜ்ரத், இவன் சோம்பேறியில்லை. தேர்வுக்கு முந்தின இரவெல்லாம் விளக்கை அணைக்காமல் படிக்கிறான். படித்து முடித்தவுடன் கேட்டால் தடங்கலின்றி ஒப்பிக்கவும் செய்கிறான். பத்து நாள் கழித்துக் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை. இவனுக்கு ஞாபகசக்தி உண்டாக ஏதாவது ஓதிப் பாருங்கள்" என்றார்.

துஆச் செய்து அனுப்பினோம். ஆனால் அந்தத் தாயின் சொல் நம்மை விட்டுப் போகவில்லை. இரவெல்லாம் படித்தது பத்து நாளில் எங்கே போயிற்று? இக்கேள்வியை நாம் அப்பிள்ளையிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாய் இருந்தோம்.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், இமாம் இப்னு மாலிக் அவர்கள் இயற்றிய அரபு இலக்கண நூலாகிய அல்ஃபிய்யாவை மனனம் செய்தோம். ஏறத்தாழ 1,000 பைத்துக்கள் கொண்ட நூல் அது. அதன் முற்பகுதியை நம் உஸ்தாது நாளொன்றுக்கு இரண்டு மூன்று பைத்துக்களாகவே ஓதிக் கொடுத்தார். பழைய பாடத்தைக் கேட்டு முடிக்காமல் புதிய பாடம் தரமாட்டார். பிற்பகுதிக்கு வந்தபொழுது ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. எஞ்சியிருந்ததை நாமே சில இரவுகளில் விழுங்கினோம். தேர்வில் இரண்டு பகுதிக்கும் குறைவின்றி விடை எழுதினோம். அன்று இரண்டிற்கும் வேற்றுமை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட இன்று, முற்பகுதியில் எந்த இடத்தைத் தொட்டாலும் நாவில் வருகிறது. பிற்பகுதியோ, நாம் ஒருகாலத்தில் ஓதினோம் என்ற நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஒரே நூல், ஒரே மாணவன், ஒரே மூளை. வேறுபட்டது ஓதிய முறை ஒன்றே. அம்முறையின் வரலாற்றை வாசக அன்பர்களுடன் சேர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணைப் பள்ளியின் மாலை நேரம்

செட்டிநாட்டு வீடுகளின் நீண்ட திண்ணைகளைக் காணும்போதெல்லாம் தமிழகத்தின் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நம் நினைவுக்கு வருவதுண்டு. அச்சுப் புத்தகம் பிள்ளைகளின் கைக்கு வராத காலத்தில், மனமே புத்தகமாக இருந்தது. எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை அப்பள்ளிகளின் பிள்ளைகள் நாள்தோறும் கூட்டாகக் குரலெடுத்துச் சொல்வார்கள். ஒன்றை 20 ஆகப் பகுத்தால் மா, 80 ஆகப் பகுத்தால் காணி, 320 ஆகப் பகுத்தால் முந்திரி எனக் கீழ்வாய் எண்கள் நுணுகிச் செல்லும். அவை அனைத்தும் நாவிலே நின்றாக வேண்டும்.

இது வெறும் பள்ளிக்கூடச் சடங்கன்று. இரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் வட்டிக் கணக்கை மனத்திலேயே போட வேண்டியிருந்தது. பள்ளித் திண்ணையில் கற்றது பத்தாண்டு கழித்துக் கடல் கடந்த ஊரில் உதவ வேண்டும். மறுநாள் மறந்து போகும் கல்வியால் அங்கே ஒரு பயனும் இல்லை.

அப்பள்ளிகளில் மற்றொரு வழக்கமும் இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திர'த்தில் அதைக் குறித்திருக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில், உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு விலங்கின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். பிள்ளை அவற்றை மனத்தில் வைத்திருந்து மறுநாள் காலையில் வந்து சொல்ல வேண்டும். சொன்னவுடனே திருப்பிக் கேட்டுவிட்டால் அது செவிக்கு வைத்த சோதனையாகும். நடுவே ஓர் இரவையும் ஓர் உறக்கத்தையும் வைத்துக் கேட்டதனால் அது நினைவுக்கு வைத்த பயிற்சி ஆயிற்று. பிரம்பையே பெரிதும் நம்பிய பள்ளிகள் அவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் இந்த ஒரு வழக்கத்தில் அவர்கள் கண்டிருந்த நுட்பம், பிரம்பைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளத்தக்கது.

நினைவாற்றல் என்றவுடன் நம் சமுதாயத்தார் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்களைப் (1874–1950) பெருமிதத்துடன் நினைப்பர். 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அதனைப் பிறவி வரம் என்று சொல்லி நாம் நின்றுவிடுகிறோம். ஆனால் அவதானக் கலையின் அமைப்பைக் கவனித்தால் வேறொன்றும் புலப்படும். கேள்வியாளர் தம் கேள்வி முழுவதையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடுவதில்லை. ஒருவர் ஒரு துண்டைக் கொடுப்பார். பிறர் தத்தம் துண்டுகளைக் கொடுத்து முடிந்தபின் மீண்டும் அவர் முறை வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் அவதானி பழையதை மனத்திலிருந்து எடுத்து, புதியதை அதனோடு சேர்த்து வைக்க வேண்டும். இறைவன் அளித்த திறனோடு, விட்டுப்பிடிக்கும் பழக்கமும் சேர்ந்தே அக்கலை உருவாயிற்று.

மறையும் மனனமும்

இனி நம் மார்க்கக் கல்வியின் வரலாற்றுக்கு வருவோம். திருக்குர்ஆன் ஒரே நாளில் அருளப்படவில்லை. 23 ஆண்டுக் காலத்தில் சிறிது சிறிதாக இறங்கிற்று. மக்களுக்கு இடைவெளி விட்டு ஓதிக் காட்டுவதற்காகவும், பெருமானாரின் உள்ளத்தை உறுதிப்படுத்துவதற்காகவும் அவ்வாறு அருளப்பட்டது என்பதைத் திருமறையே குறிப்பிடுகிறது. ஆண்டுதோறும் ரமலான் மாதத்தில் ஜிப்ரீல் (அலை) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களுடன் குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள் என்றும், பெருமானாரின் இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு நிகழ்ந்தது என்றும் ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. கட்டிய ஒட்டகம் கயிற்றை அவிழ்த்து ஓடுவதைவிட விரைவாக மனனம் செய்த குர்ஆன் நழுவிவிடும் என்ற எச்சரிக்கையும் நபிமொழியில் உண்டு.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்து வந்தார்கள். நாள்தோறும் செய்யலாகாதா என்று ஒருவர் வேண்டியபோது, கேட்போர் சலிப்படைந்து விடலாகாது என்பதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் நாட்களை இடையிட்டே உபதேசித்தார்கள் என்று விடை தந்தார்கள். இச்செய்தியை இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பில் அறிவைப் பற்றிய பகுதியிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

இந்த அடிப்படையைப் பாடத்திட்டமாகவே வகுத்துத் தந்தவர் இமாம் புர்ஹானுத்தீன் ஸர்னூஜி அவர்கள். ஆமூ நதிக்கு அப்பாலுள்ள மாவராஉன்னஹ்ர் நாட்டவர். ஹிஜ்ரீ 6ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்தவர். ஹனஃபீ சட்ட நூலாகிய ஹிதாயாவை இயற்றிய மர்கீனானி அவர்களின் மாணாக்கர். 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் அவருடைய சிறு நூலை அறியாத மதரஸா மாணவர் குறைவு. ஆனால் அதில் உள்ள ஒரு கணக்கை நாம் ஓதிவிட்டுக் கடந்து போய்விடுகிறோம்.

தொடக்கத்தில் பாடத்தின் அளவு, இருமுறை சொன்னால் மனத்தில் நிற்கக்கூடிய அளவே இருத்தல் வேண்டும் என்கிறார். பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நேற்றைய பாடத்தை 5 முறையும், அதற்கு முந்தின நாள் பாடத்தை 4 முறையும், அதற்கும் முந்தியதை 3 முறையும், அதற்கு முந்தியதை 2 முறையும், அதற்கும் முந்தியதை ஒரு முறையும் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது அவர் காட்டும் வழி.

இதனை விரல்விட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். இன்று ஓதிய ஒரு பாடம் நாளை 5 முறை, மறுநாள் 4, பின்னர் 3, 2, 1 என ஐந்து நாட்களில் 15 முறை நாவில் வருகிறது. அந்த 15 முறையையும் இன்றே சொல்லி முடித்துவிடலாமே என்று மாணவன் கேட்கக்கூடும். முடித்துவிட்டால் எண்ணிக்கை நிறைவேறும்; பாடம் நிலைபெறாது. ஸர்னூஜி அவர்கள் எண்ணிக்கையை விதித்ததோடு நாட்களையும் விதித்ததன் உட்பொருள் இதுவே.

இடைவெளி நல்லது என்றதும், எவ்வளவு நீண்டாலும் நல்லது என்று கொண்டுவிடக் கூடாது. வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் அவர்கள் (1332–1406) தம் முகத்திமாவில், பாடம் படிப்படியாக மும்முறை திரும்ப வந்தே மாணவனிடம் தேர்ச்சியாக மாறும் என்று கூறுகிறார். அவ்விடத்திலேயே, அமர்வுகளுக்கு இடையே நெடுங்காலம் விட்டுவிடுவது மறதிக்கு வழியாகும் என்றும் எச்சரிக்கிறார். இவ்விரு இமாம்களின் கருத்தும் முரண்பட்டவையல்ல. பாடம் சற்றே நழுவத் தொடங்கும் வேளையில் திரும்பிப் பிடிக்க வேண்டும். முழுதும் ஓடிப்போகும்வரை காத்திருத்தலாகாது. ஒட்டகத்தின் உவமையும் இதைத்தானே சொல்கிறது?

நம் ஊர்களின் ஹிஃப்ழு மதரஸாக்கள் இம்முறையின் உயிருள்ள சான்றுகளாகும். அங்கே மாணவனின் நாள் மூன்று பகுதியாகப் பிரிந்திருக்கும். புதிதாக மனனம் செய்யும் பாடம் ஒன்று. அண்மை நாட்களில் ஓதி முடித்த பகுதி ஒன்று. எப்பொழுதோ முடித்த பழைய பாடம் ஒன்று. ஸபக், ஸபக் பாரா, ஆமூக்தா என்று இவற்றுக்குப் பெயர் வழங்கும் மதரஸாக்கள் உண்டு. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறலாம், முறை ஒன்றே. புதுப் பாடத்தில் எவ்வளவு விரைவு காட்டினாலும், பழம்பாடம் ஒப்பிக்காத மாணவனை உஸ்தாது மேலே விடமாட்டார். முப்பது ஜுஸ்வையும் முடித்துப் பட்டம் பெற்றபின், ஆண்டுதோறும் ரமலானில் தராவீஹ் தொழுகை வருகிறது. முன்னே ஒரு ஹாபிழ் கிதாபின்றி நின்று ஓதுகிறார். பின்னே மற்றொரு ஹாபிழ் செவிமடுத்துப் பிழை திருத்துகிறார். அந்த ஒரு மாதத்தை எண்ணி ஷஃபான் மாதத்திலேயே ஹாபிழ்கள் பழம்பாடத்தைத் துருவத் தொடங்கிவிடுகிறார்கள். வணிகத்திற்கோ வெளிநாட்டிற்கோ சென்று தராவீஹ் ஓதுவதை விட்டுவிட்ட ஹாபிழ், சில ஆண்டுகளில் தலைகுனிந்து நிற்பதையும் நாம் கண்டதுண்டு. அவர் மூளை கெடவில்லை. திரும்ப ஓதும் ஏற்பாடு அறுந்து போயிற்று.

அளந்து பார்த்த அறிஞர்

நம் முன்னோர் அனுபவத்தால் கண்டதை எண்ணால் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர். அவர் தம்மையே சோதனைப் பொருளாக ஆக்கிக்கொண்டார். பொருள் தெரிந்த சொற்கள் பழைய நினைவோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், பொருளற்ற அசைகளை உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனனம் செய்தார். மறந்ததை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். அவருடைய நூல் 1885ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் கண்ட முடிவு அச்சமூட்டுவது. ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. ஒரு நாள் கழிந்தபின் எஞ்சியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதத்திற்குப் பின் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அதே நூலில் ஆறுதலும் இருக்கிறது. பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை சொல்லியே அவர் பெற்றுவிட்டார். உழைப்பில் பாதிக்குச் சற்று மேல், பலனோ சமம்.

அதன்பின் இத்துறையில் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 1,350-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். நினைவு எவ்வளவு காலம் நிற்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்பது அதில் தெளிவாயிற்று. ஒரு வாரம் நிற்க வேண்டியதை ஓரிரு நாள் விட்டுத் திரும்பப் பார்த்தால் போதும். ஓராண்டு நிற்க வேண்டியதற்கு மூன்று முதல் ஐந்து வாரம் விட்டுத் திரும்புதல் நலம். நாள்தோறும் வரும் பாடமும், மாதங்கள் கழித்து வரும் ஆமூக்தாவும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் ரமலானும் ஒரே ஏணியின் படிகளாக நமக்குத் தோன்றுவது இதனாலேயே.

மூளைக்குள் நிகழ்வது

இடைவெளியில் அப்படி என்னதான் நடக்கிறது? எரிக் காண்டெல் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் அப்லீசியா என்னும் கடல் உயிரை ஆராய்ந்தார்கள். ஓடற்ற நத்தையைப் போன்ற அவ்வுயிரைத் தொட்டால் தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், தீங்கில்லை என்று கற்றுக்கொண்டு இழுப்பதைக் குறைத்துவிடும். 1972ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: ஒரே நாளில் தொடர்ந்து 40 முறை தொட்டுக் கற்பித்ததைவிட, நாளுக்குப் பத்தாக நான்கு நாட்கள் தொட்டுக் கற்பித்தது நெடிது நின்றது, மூன்று வாரம் கழித்தும் அவ்வுயிர் அதை மறக்கவில்லை. நினைவைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் காண்டெல் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆனது. ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் இணைப்புகளிலேதான் நினைவு தங்குகிறது. சற்று நேரத்திற்கு மட்டும் நிற்கும் நினைவுக்கு, இருக்கும் இணைப்பு சிறிது வலுப்பட்டால் போதும். நெடுநாள் நிற்கும் நினைவுக்கோ நரம்பணு புதிய புரதங்களை ஆக்க வேண்டும். புதிய இணைப்புகள் வளர வேண்டும். அதற்கு நேரம் தேவை. சுவரெழுப்பும் கொத்தனார் ஒரு வரிசை காய்வதற்குள் அடுத்த பத்து வரிசைகளை ஏற்றினால் சுவர் சாயும். மூளையும் தான் கட்டியது இறுகுவதற்கு அவகாசம் கேட்கிறது.

உறக்கமும் அந்த அவகாசத்தின் ஒரு பகுதியே. பகலில் கற்றதை முதலில் வாங்கி வைப்பது ஹிப்போகாம்பஸ் எனப்படும் உட்பகுதி. நாம் உறங்கும்போது அது பகலின் பதிவுகளை மீண்டும் எழுப்பி, மூளையின் மேற்பகுதியில் நிலைபெறச் செய்ய உதவுகிறது. விடிய விடிய விழித்துப் படிக்கும் பிள்ளை, பாடத்தை உள்ளே சேர்க்க வேண்டிய வேலையாளையே வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறான்.

ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தின இரவில் படித்தவன் மறுநாள் காலைத் தேர்வில் தேறிவிடக்கூடும். நாமும் அப்படித் தேறியவரே. அதனாலேயே இம்முறையின் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுக்கடுக்காகப் படிக்கும்போது பாடம் சரளமாக வருகிறது. வந்துவிட்டது என்ற நிறைவு பிறக்கிறது. நாள் விட்டுத் திரும்பும்போதோ தடுக்குகிறது. நமக்கு மறதி என்று மனம் சோர்கிறது. உண்மையில் தடுக்கித் தடுக்கி நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சியே பாடத்தை ஆழப் பதிக்கிறது. பொருளறியாமல் ஒப்பிப்பதற்கு இது மாற்றாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளங்கியதைத்தான் காக்க வேண்டும். விளங்காததைக் காப்பது, பூட்டிய வெறும் பெட்டிக்குக் காவலிருப்பதாகும்.

மறுவாரம் அந்தத் தாயையும் மகனையும் அழைத்து இவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். பொதுத் தேர்வுக்கு நாள் குறைந்துவிட்டதால் இவ்வாண்டு முழுப் பயன் கிட்டாது என்பதையும் ஒளிக்கவில்லை. "அம்மா, பதினோராம் வகுப்பின் முதல் நாளிலிருந்து தொடங்கட்டும். இன்று படித்ததை நாளை புத்தகத்தை மூடி வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்" என்றோம். "இவ்வளவுதானா ஹஜ்ரத்?" என்றார். "இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளும் தவறலாகாது" என்றோம்.

பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருத்தல் முறையாகாது அல்லவா? அல்ஃபிய்யாவின் பிற்பகுதியை மீண்டும் எடுத்திருக்கிறோம். நாளுக்கு இரண்டு பைத்துக்கள். ஸர்னூஜி அவர்களின் 5, 4, 3, 2, 1 கணக்கு. அஸருக்குப் பின் அந்தப் பிள்ளை வருகிறான். மக்தபில் ஓதிய பிள்ளையாதலால் அரபு எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியும். அவன் கிதாபை விரித்து வைத்துக்கொண்டு நம் பாடத்தைச் சரிபார்க்கிறான். பின்னர் அவன் புத்தகத்தை நாம் வாங்கி வைத்துக்கொண்டு அவன் பாடத்தைக் கேட்கிறோம். நேற்று நாம் ஓரிடத்தில் தடுக்கி நின்றோம். அவன் உடனே எடுத்துக் கொடுக்காமல், நமக்கு வரும்வரை பொறுத்திருந்தான்.

கற்றதை மறவாமலும், மறந்ததைத் திரும்பக் கற்கத் தயங்காமலும் இருக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.